“சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு இழுப்போம்” என்கிறார்கள்

கேள்வி: குடியாத்தத்தில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். 2017இல் அம்மாவை வேலூரில் மருத்துவமனையில் சேர்த்தபோது கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான் சமாளித்தேன். 2019 ஆகஸ்ட் வரை முடிந்ததைக் கட்டினேன், அப்புறம் முடியவில்லை. அப்போது பாக்கி 61,000. இப்போது கடனை வாங்கியிருப்பதாகச் சொல்லும் ஒரு கம்பெனியின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 2,38,000 கட்டாவிட்டால் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் வழக்காம், வீட்டுக்குப் போலீஸ் வருமாம். “இன்னைக்கு ரெண்டாயிரமாவது போடுங்க மேடம், கேஸை நிறுத்தி வைக்கிறேன்” என்கிறார் போனில் பேசுபவர். எங்கள் தலைமையாசிரியைக்கும் போன் செய்துவிட்டார்கள். கணவருக்கு இந்தக் கடனே தெரியாது. தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த 2,000 ரூபாயைப் போடாதீர்கள். எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள். “சீக்கிரம் கட்டிவிடுகிறேன்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கூட அனுப்ப வேண்டாம். முதலில் பழைய பாஸ்புக்கையும் கார்டு ஸ்டேட்மென்டுகளையும் தேடி எடுங்கள். கடைசியாகப் பணம் கட்டியது எந்தத் தேதி? உங்கள் விஷயத்தில் பாதிப் பதில் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

கார்டு கடனுக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று வருடம்தான் தருகிறது. பொதுவாகக் கடைசியாகக் கட்டிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். கொரோனா காலத்தில் 15.3.2020 முதல் 28.2.2022 வரையான நாட்களை உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது. அதையும் சேர்த்துப் பார்த்தால் 2019 ஆகஸ்டில் தொடங்கிய உங்கள் மூன்று வருடம் 2024 ஆகஸ்ட் வாக்கில் முடிந்துவிட்டது. கடன் வேறு கம்பெனிக்குக் கைமாறியதால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

ஆனால் நடுவில் ஏதாவது கட்டியிருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு மெயில், கடிதம் என்று எழுதியிருந்தாலோ அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம் எண்ணுவார்கள். காலம் முடிந்த பிறகும், “தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அதை வைத்தே வழக்குப் போடலாம். 2,38,000 கேட்கிறவர் 2,000க்கு ஏன் இவ்வளவு கெஞ்சுகிறார் என்று இப்போது புரிந்திருக்கும். “செக்யூரிட்டிக்கு ஒரு செக்” என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். செக் திரும்பினால் அது குற்ற வழக்காகிவிடும்.

போலீஸ் பயத்தை விட்டுவிடுங்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வீடு தேடி வராது. கோர்ட்டே பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தாலும், அதை வசூலிக்க ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 56ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சம்பளத்திலும் முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. உங்கள் 16,000இல் அதிகபட்சம் மாதம் 5,000தான் பிடிக்கலாம். அதுவும் தீர்ப்பு வந்த பிறகுதான்.

வக்கீல் நோட்டீஸ் என்பது வக்கீலின் கடிதம், அவ்வளவே. கோர்ட் சம்மன் வேறு. அதில் வழக்கு எண், கோர்ட்டின் பெயர், முத்திரை, ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் கோர்ட் வளாகத்தையும் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைப் போட்டால், வழக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நிஜமாகவே சம்மன் வந்தால் தயவுசெய்து ஒதுக்கி வைக்காதீர்கள். பதில் மனு தாக்கல் செய்ய 30 நாள்தான். காலம் கடந்த கடன் என்று சொல்ல ஆளே இல்லாமல் போனால், எதிர்த்தரப்பு சொல்வதை மட்டும் கேட்டு எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு வந்துவிடலாம். மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர்) என்ற பெயரில் யாராவது நோட்டீஸ் அனுப்பினாலும் வக்கீலிடம் காட்டிப் பதில் போடுங்கள்.

லோக் அதாலத் நோட்டீஸ் வரவும் வாய்ப்பு உண்டு. அது சமரசம் பேசும் இடம். உங்கள் சம்மதம் இல்லாமல் அங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்பீலே கிடையாது. கூட்டத்தையும் அவசரத்தையும் பார்த்து அன்றைக்கே போட்டுவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் வக்கீலுக்கு எங்கே போவேன் என்று கேட்பீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், சட்ட உதவி இலவசம். அவர்கள் மிரட்டுகிற அதே சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில்தான் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. சட்ட உதவி எண் 15100க்கு போன் செய்தும் கேட்கலாம். நோட்டீஸுக்குப் பதிலை அவர்கள் மூலமாகவே ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். “இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை, முழுக் கணக்கையும் கடன் கைமாறிய ஆவணத்தையும் அனுப்புங்கள்” என்ற அளவில் இருந்தால் போதும்.

தலைமையாசிரியைக்குப் போன் செய்ததுதான் எனக்கு மிகவும் கோபம் வரவைத்தது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மற்றவர்கள் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. போன் வந்த தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். கார்டு கொடுத்த வங்கி, கடனை வாங்கிய கம்பெனி இரண்டுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கியிடமிருந்து 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம், அதாவது புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

வழக்குப் போடும் காலம் முடிந்தாலும் கடன் அழிந்துவிடாது, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் நிற்கும். வாங்கிய பணத்தைக் கொடுக்காமல் இருக்க மனசு கேட்கவில்லை என்றால், அதையும் நான் மதிக்கிறேன். ஆனால் கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42 சதவீதம். அப்படி ஏறிய தொகைக்கு நீங்கள் தலை கொடுக்க வேண்டியதில்லை. உங்களால் முடிகிற ஒரு தொகைக்கு வக்கீல் மூலம் பேசுங்கள். “இத்துடன் கணக்கு முடிந்தது” என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் போக வேண்டும், அதுவும் கம்பெனியின் கணக்குக்கு. ஏஜென்டின் ஜிபே எண்ணுக்குப் போடாதீர்கள்.

கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தலைமையாசிரியையின் எண்ணைக் கண்டுபிடித்தவர்களுக்கு அவர் எண் கிடைக்க எத்தனை நாள் ஆகும்? அவர்கள் வாயால் அவர் கேட்பதைவிட நீங்கள் சொல்வது நல்லது. நகைக்கும் புடவைக்கும் வாங்கிய கடனா இது? அம்மாவுக்காக வாங்கியது. பாஸ்புக்கையும் நோட்டீஸையும் அவர் முன்னால் வைத்து, இருவருமாக உட்கார்ந்து அந்தக் கடைசித் தேதியைத் தேடுங்கள்.