‘பூச்சி பிடிக்கவா நாலு வருஷம் படிக்கணும்?’ என்று கேட்ட காரிமங்கலத்து அப்பாவுக்கு

ஐயா, பூச்சிகளைப் பற்றிய படிப்பான பூச்சியியல் படிக்க உங்கள் பொண்ணு ஆசைப்படுகிறாள், சொந்தக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள், நர்சிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கிண்டலை முதலில் ஓரம் கட்டுங்கள். பூச்சியியலா நர்சிங்கா என்று வீட்டில் இப்போதே மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இப்போது சேர்க்க வேண்டியது பி.எஸ்சி. வேளாண்மையில், பூச்சியியல் அதற்கப்புறம் எம்.எஸ்சி.யில்தான் வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். நடுவில் மனசு மாறினாலும் உழவியல், விதை நுட்பம் என்று திரும்பிக்கொள்ளலாம், வேளாண் அலுவலர் தேர்வும் வங்கித் தேர்வும் எழுதலாம், படிப்பு வீண் போகாது.

ஒரு எச்சரிக்கை. பக்கத்துக் கல்லூரியில் விலங்கியலில் போட்டுவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பட்டத்தோடு வேளாண் பூச்சியியலுக்குள் நுழைவது கஷ்டம். கொசு, உண்ணி என்று சுகாதாரப் பக்கம் போவதென்றால் விலங்கியல் சரி, புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மையத்தில் பொது சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. இருக்கிறது, அந்த வேலைக்கென்றே ஓசூரில் அரசு நிறுவனமும் இருக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்றால், நம்ம பக்கத்து மரவள்ளியையே பாருங்கள். நுனிக் குருத்து சுருண்டு, இலையெல்லாம் கொத்தாகக் கூம்பி, பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக மாவு அப்பிக் கிடக்கும். அந்த மாவுப்பூச்சி நம் நாட்டில் 2020-இல்தான், கேரளாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அப்புறம் சேலம், நாமக்கல், தருமபுரி என்று பரவியது. மருந்தடித்து ஓய்ந்த நேரத்தில் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்து, சோதித்து, பெருக்கி, 2022-இல் வயலில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்து தின்றே அதைக் காலி செய்துவிடும். இது எந்தப் பூச்சி, எந்த ஊர்ப் பூச்சி, இதைத் தின்பது எது என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இதில் ஒன்றும் நடந்திருக்காது, அந்த ஆள்தான் உங்கள் பொண்ணு ஆக நினைப்பது. பட்டுப்புழு பிடிக்குமென்றால் ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மையம் இருக்கிறது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம், பிஎச்.டி. இல்லாமல் அந்தப் பக்கம் நகர முடியாது, அதற்குள் வயது இருபத்தேழு இருபத்தெட்டு ஆகிவிடும், கல்யாணப் பேச்சு வேறு நடுவில் வரும், அதை நீங்கள்தான் தாங்க வேண்டும். பூச்சிமருந்துக் கம்பெனிகளில் வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் பாதிக்கு மேல் விற்பனை டார்கெட்தான்.

ஒரு நாள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கூட்டிப்போய், அங்கே இருப்பவர்களிடம் அவளையே பேச விடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் ரெண்டு மணி நேரம் ஒரு இறக்கை நரம்பையே பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை உண்டா என்று அவளே தெரிந்துகொள்வாள்.

அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் உண்டு. அதற்கான சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.