வேட்டையை நிறுத்தினால் மான் பிழைக்குமா?

கேள்வி: நியூஜெர்சியில் காட்டோரம் புதிதாக எழும்பிய குடியிருப்பில் வீடு வாங்கியிருக்கிறோம். பின்புறக் காட்டில் வில்லோடு வேட்டைக்காரர்கள் மரமேறி உட்கார்ந்திருக்கிறார்கள். மான்கள் நமக்கு முன்பே அங்கே இருந்தவை. வாயில்லா ஜீவனைக் கொல்ல அரசு அனுமதிக்கலாமா?
- ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: அனுமதிக்கலாம். அனுமதிக்கவும் வேண்டும்.

‘முன்பே இருந்தவை’ என்பது பாதி உண்மைதான். கணக்கில்லாமல் சுட்டுத் தீர்த்ததில், 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் வெண்வால் மான்கள் சில லட்சங்களே மிஞ்சின. இன்று சுமார் 3 கோடி. வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது ஒரு காரணம். உங்களுடையது போன்ற குடியிருப்புகள் இன்னொரு காரணம். அடர்காட்டைவிட, காடும் வெளியும் சந்திக்கும் ஓரம்தான் மானுக்குப் பிடித்த இடம். புறநகரோ முழுக்க முழுக்க ஓரம். தின்ன புல்வெளியும் பூச்செடியும் இருக்கின்றன. மானை வேட்டையாடும் ஓநாயும், பூமா என்ற பெரிய காட்டுப்பூனையும் அங்கே எப்போதோ ஒழிக்கப்பட்டுவிட்டன. வயிறார மேய்ந்த பெண் மான் ஆண்டுதோறும் இரட்டைக் குட்டி போடும்.

வேட்டையை நிறுத்தினால் சாவு நிற்காது, சாலைக்குப் போகும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வாகனங்களில் மோதுகின்றன; மனிதர்களும் சாகிறார்கள். காலொடிந்து புதருக்குள் கிடந்து சாவது அம்பைவிடக் கருணையானதா? இளம் மரக்கன்றுகளை எல்லாம் மான் மேய்ந்துவிட்ட காட்டில், தரையோரம் கூடு கட்டும் பறவைகளுக்கும் மறைவிடம் இல்லை. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்கு மட்டும் மான்மேல் முழுப்பழி போடமாட்டேன். உண்ணிக்குக் கிருமியைக் கொடுப்பது பெரும்பாலும் வெள்ளைக்கால் எலி. ஆனால் வளர்ந்த உண்ணி ரத்தம் குடித்துப் பெருகுவது மான்மேல்தான்.

கருத்தடை செய்யலாமே என்பீர்கள். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் 2016 முதல் ஆண் மான்களுக்கு அறுவை செய்துவருகிறார்கள். அது தீவு. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து புதிய மான்கள் வந்துகொண்டே இருக்கும்.

வீட்டருகே அம்பு விடுகிறார்களே என்று நீங்கள் அஞ்சினால், அதில் நியாயம் உண்டு. அதனால்தான் சட்டம் தூரம் வகுத்திருக்கிறது: வீட்டிலிருந்து துப்பாக்கிக்கு 450 அடி, வில்லுக்கு 150 அடி. இந்த 150 அடிக்கும் 450 அடிக்கும் இடைப்பட்ட தூரத்தில் மேலிருந்து கீழ்நோக்கித்தான் அம்பு விடலாம். குறி தவறினால் மண்ணில் குத்தும். இதை யாராவது மீறினால் தயங்காமல் புகார் கொடுங்கள்.

கொம்புக்காக, அதாவது ஆண் மானுக்காக மட்டும் வரும் வேட்டைக்காரரால் பயனில்லை. பெண் மான் குறைந்தால்தான் எண்ணிக்கை குறையும். நியூஜெர்சியின் சில வட்டாரங்களில் கொம்பில்லாத மானை முதலில் வீழ்த்திய பிறகே கொம்புள்ளதைத் தொடலாம். உங்கள் பகுதியில் அந்த விதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த காட்டுத்துண்டை மனை போட யாராவது அனுமதி கேட்டு வருவார்கள். அன்றைக்கு நகராட்சிக் கூட்டத்துக்குப் போய், வேண்டாம் என்று சொல்லுங்கள்.