ஆர்கன் அலைகிறதா, தட்டு ஆடுகிறதா?

வாசகர் கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான கொலோசியத்தின் 'வாலன்டைன் சூட்' ஆல்பத்தின் மறுபதிப்பை 180 கிராம் வினைல் தட்டாக வாங்கினேன். முதல் பக்கத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தில், அதுவும் முடிவுக்கு வர வர, ஆர்கனின் நீண்ட சுரங்கள் மேலும் கீழுமாக அசைகின்றன. விற்றவரிடம் கேட்டால், "ஹாமண்ட் ஆர்கன் என்றாலே அப்படித்தான், அது லெஸ்லி ஸ்பீக்கர்" என்கிறார். நண்பரோ என் டர்ன்டேபிளைக் குறை சொல்கிறார். திருப்பி அனுப்ப இன்னும் சில நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: விற்றவர் சொல்வது முழுப் பொய் இல்லை, அதனால்தான் குழப்பம். முதலில் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்வோம்.

ஹாமண்ட் ஆர்கன் தானாகச் சுருதி விலகுகிற வாத்தியம் அல்ல. உள்ளே விளிம்பு நெளிந்த உலோகச் சக்கரங்கள் காந்தங்களுக்கு முன்னால் சுழல்வதால்தான் ஒலி பிறக்கிறது. அவற்றைச் சுழற்றும் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணோடு கட்டுண்டு ஓடும்; பிரிட்டனில் அது 50 ஹெர்ட்ஸ். கட்டையை அழுத்திப் பிடித்தால் சுரம் ஆடாமல் நிற்கும். அதை வேண்டுமென்றே ஆட வைக்க இரண்டு வழி. ஒன்று, ஆர்கனுக்குள்ளேயே இருக்கும் விப்ராட்டோ. நொடிக்கு ஏறக்குறைய 7 அசைவு, வெறும் நடுக்கமாகத்தான் காதில் விழும்; அதை யாரும் தட்டின் கோளாறு என்று நினைக்கமாட்டார்கள். இன்னொன்று லெஸ்லி பெட்டி. அதற்குள் ஒரு கொம்பு சுழன்றபடி ஒலியை வீசும். வேகத்தில் நிமிடத்துக்கு 400 சுற்று அளவில், மெதுவில் 40 முதல் 50 வரை. இந்த மெதுவான சுழற்சிதான் ஆளை ஏமாற்றும். உங்கள் தட்டு சுற்றுவது நிமிடத்துக்கு 33⅓ முறை. இரண்டும் அக்கம்பக்கத்து வேகங்கள்.

அக்கம்பக்கம்தான், ஆனால் ஒன்றல்ல. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நீண்ட சுரம் வரும் இடத்தில் கைபேசியின் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, சுரம் ஏறி இறங்குவதைப் பத்து முறை எண்ணுங்கள். சுரம் அவ்வளவு நீளமில்லை என்றால் ஐந்து எண்ணி இரட்டிப்பாக்குங்கள். 18 நொடி வந்தால் குற்றவாளி தட்டு. லெஸ்லியின் மெதுவேகம் என்றால் பத்து அசைவு 12 முதல் 15 நொடிக்குள் முடிந்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. லெஸ்லியின் வேகத்தை வாசிப்பவர் பாட்டின் போக்கில் மாற்றுவார்; அசைவு முறுக்கேறி வேகமாகி, பிறகு தளரும். தட்டின் அசைவு யாருக்காகவும் மாறாது.

காதை நம்பத் தயக்கமா? கண்ணால் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு டார்ச்சை அடித்து, ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜைக் கவனியுங்கள். நடுத்துளை சரியாக இருந்தால், அதைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் உள்ளே மெல்ல நகர்ந்துகொண்டே போகும். துளை பிசகியிருந்தால், அச்சு நடுவில் இல்லாத வண்டிச் சக்கரத்தைப் போல, ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு தடவை வெளியே ஒரு தடவை என்று ஆடும். பாட்டு முடிந்து ஊசி கடைசி வட்டத்தில் மாட்டிக்கொண்டு சுற்றும்போது இது பளிச்சென்று தெரியும். லேபிள் ஆடுகிறதே என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தும் தடம் நேராக இருக்கலாம். ஆர்ம் பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழுமாகக் குதித்தால் அது வேறு நோய், தட்டு வளைந்திருக்கிறது.

கடைசிப் பகுதியில் மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வையுங்கள். வெளி விளிம்பில், மையத்திலிருந்து ஏறத்தாழ 146 மி.மீ. தள்ளி, சுருதி 0.3 சதவீதத்துக்குச் சற்றே மேல் ஏறி இறங்கும். பெரும்பாலானவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். லேபிளை நெருங்கி 60–70 மி.மீ.க்கு வந்ததும் அதே பிசகு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். இந்த ஆல்பத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? இரண்டாம் பக்கம் முழுக்க ஏறக்குறைய 17 நிமிடத்துக்கு ஒரே படைப்பு, மூன்று பகுதிகளாக. டேவ் கிரீன்ஸ்லேடின் ஆர்கனைச் சுற்றிக் கட்டிய இசை அது. அதன் உச்சம் உள்வட்டத்தில்தான் வந்து விழுகிறது. 1969-ல் வெர்டிகோ நிறுவனத்தின் முதல் ஆல்பமாக வந்த நாளிலிருந்தே தட்டில் அதன் இடம் அதுதான். நீளமாக இழுக்கும் ஆர்கன் சுரம் எந்தப் பிசகையும் மறைக்காது. ஜான் ஹைஸ்மனின் டிரம்ஸில் இதே குறை இருந்தாலும் தெரியவே தெரியாது.

முதல் பக்கம் நன்றாக இருக்கிறதே, ஒரே துளைதானே என்று கேட்கலாம். துளை ஒன்றுதான், ஆனால் தட்டை அழுத்தி எடுக்கும் அச்சு (ஸ்டாம்பர்) இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு. ஒன்று நடுவில் பொருந்தி, மற்றது விலகியிருப்பது சகஜம். 180 கிராம் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஸ்டிக்கருக்கு மக்கள் கொடுக்கும் மரியாதை எனக்கு எப்போதுமே சற்று அதிகமாகப் படுகிறது.

உங்கள் நண்பர் சொன்னதையும் ஒரே அடியில் தீர்த்துவிடலாம். பியானோ நிறைய வரும் வேறு தட்டுகள் இரண்டைப் போட்டுப் பாருங்கள். அவற்றிலும் அலைந்தால் டர்ன்டேபிளின் பெல்ட்டையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும். அவை சுத்தமாக இருந்து இது மட்டும் அலைந்தால் உங்கள் டர்ன்டேபிள் நிரபராதி.

துளை டர்ன்டேபிளின் நடுக்குச்சியான ஸ்பிண்டிலில் கொஞ்சம் லூசாக உட்கார்ந்தால், தட்டை இம்மியளவு நகர்த்தி வைத்து ஆர்ம் ஆட்டம் குறைகிறதா என்று பாருங்கள். சில சமயம் அதுவே போதும். துளையை ராவிப் பெரிதாக்கும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள், பிறகு யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். 1981-ல் நகாமிச்சி என்ற ஜப்பானிய ஒலிக்கருவி நிறுவனம் இந்தக் குறையைத் தானே அளந்து சரிசெய்யும் டர்ன்டேபிளையே செய்து விற்றது. அதன் விலைக்கு ஓர் அலமாரி நிறையத் தட்டு வாங்கலாம்.

ஆக, ஸ்டாப்வாட்ச் 18 என்று சொல்லி ஆர்மும் ஆடினால், கடைசி வட்டத்தில் ஆர்ம் ஆடுவதை அரை நிமிட வீடியோவாக எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். "லெஸ்லி" என்ற பதிலுக்கு அதற்குப் பிறகு இடமில்லை. லெஸ்லியால் உங்கள் ஆர்மை அசைக்க முடியாது. மாற்றுத் தட்டு கேட்கும்போது ஒன்று கவனம்: பிசகு அச்சிலேயே இருந்தால் அதே தொகுதியில் வந்த தட்டுகள் எல்லாம் இப்படித்தான் ஆடும். அனுப்பும் முன் இரண்டாம் பக்கத்தை ஓட்டிப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் மாற்று வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.