வாய் திறக்காத மகளும் ஜப்பானிய வாடிக்கையாளரும்

வணக்கம் ஐயா. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் சென்னை அலுவலகத்தில், ஜப்பானிய வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பிரிவில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, "நாலு பேர் முன்னால் வாயே திறக்கமாட்டாளே, எப்படிச் சமாளிப்பாள்?" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறை என்று நினைப்பது, வேலையின் பாதி இடங்களில் அவளுக்குக் கைகொடுக்கும்.

அமெரிக்க மேலாளர் முதலில் கேட்பது விலை, தேதி, யார் பொறுப்பு என்பதைத்தான். ஜப்பானியருக்கு இது அவசரமாகத் தெரியும். 'நம்மைத் தெரிந்துகொள்ளாமலே வியாபாரம் பேசுகிறாரே' என்று தயங்குவார்கள். மெக்சிகோவிலும் சவூதியிலும் இதே மனத்தாங்கல் உண்டு. நலம் விசாரித்து, காபி குடித்த பிறகுதான் பேரம். அமெரிக்கர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஆளைத் தெரியாவிட்டாலும் எழுத்தில் போட்ட ஒப்பந்தத்தை நம்பித் தொழில் செய்வதால்தான் புதியவருக்கும் அங்கே கதவு திறக்கிறது. சிபாரிசு இல்லாத நம் பிள்ளைகள் பலர் அந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

ஜப்பானில் பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்பே முடிவு கனிந்துவிடும். 'நெமவாஷி' என்பார்கள். மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன் வேரைப் பக்குவப்படுத்தும் தோட்டக்காரர்களின் சொல் அது. சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியே பார்த்துப் பேசிச் சம்மதம் வாங்குவார்கள். பேசும்போது ஜப்பானியர் 'ஹய்' ('ஆம்') என்று தலையசைத்தால், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டுமே பொருளாக இருக்கலாம். அதை நம்பி, 'ஒப்புக்கொண்டுவிட்டார்' என்று அமெரிக்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் மகள்தான் மாட்டிக்கொள்வாள். நடுவில் அவர்கள் மௌனமானால் பதறிப் பேச வேண்டாம், காத்திருக்கட்டும். அது அவளுக்கு இயல்பாகவே வரும். விசிட்டிங் கார்டை இரு கைகளாலும் வாங்கி, பெயரை வாசித்து, கூட்டம் முடியும்வரை மேஜையில் தன் முன்னால் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அவள் உழைக்க வேண்டியது அமெரிக்கப் பக்கத்துக்கு. அங்கே மௌனமாக இருந்தால், சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்றே வரி எழுதி வைத்துக்கொள்ளட்டும்: நிலவரம், தேதி, தனக்கு என்ன வேண்டும். முதல் ஐந்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது உங்களிடம் ஒரு நிமிடம் பேசிப் பழகட்டும், திருத்தாமல் கேளுங்கள்.

ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு சென்னையிலும் நடக்கிறது. டிசம்பர் தேர்வில் தொடக்க நிலையான என்5-க்கு இப்போதே தயாராகச் சொல்லுங்கள்.