மலைநாட்டுக் குளிரில் சாணி வாயு: கேள்வி பதில்

கேள்வி (நானுஓயா): அண்ணே, ரெண்டு மாடு நிக்குது. சாணி வாயு எடுத்தா குசினிக்குக் காணுமா?

பதில்: கொட்டிலிலேயே கட்டித் தீனி போட்டால் நாளைக்கு 25 கிலோ சாணி சேரும். சூடான ஊரில் கிலோவுக்கு 35 லீட்டர் வாயு வரும். உங்கள் குளிரில் 20 வந்தாலே பெரிசு. அதில் ஒற்றை அடுப்பு ஒன்றரை மணி நேரம் எரியும், தேத்தண்ணியும் ஒரு வேளைச் சோறும் ஆகும். சாணியும் தண்ணியும் சரிக்குச் சரி. சாணி புளித்து வாயு தரும் மூடின குழி, தாழ்நாட்டில் 40 நாள் சாணி கொள்ளுமளவு போதும், இங்கே 80 நாள் பிடிக்க வேண்டும். கரைசலுக்கே 4,000 லீட்டர், வாயு தங்கும் இடம் வேறு. கறுப்பு பீப்பாய்த் தண்ணியை வெயிலில் வைத்து, மத்தியானம் கரைத்து ஊற்றுங்கள்.

கேள்வி (வெலிமடை): கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ் கழிவை அள்ளிப் போட்டேன். ஒரே புளிச்ச நாத்தம், கேஸும் நின்னுபோச்சு.

பதில்: அமிலம் ஏறிவிட்டது. இலையைப் புளிக்க வைக்கும் கிருமிகள் வேகமானவை, எரியும் வாயுவான மீதேனைத் தருபவை மெதுவானவை. பத்து நாள் ஒன்றும் போடாதீர்கள். நன்றாக ஓடும் குழியிலிருந்து நாலு வாளி கரைசல் ஊற்றுங்கள். புளிப்பைக் காட்டும் பீஎச் அளவு 6.5க்குக் கீழே நின்றால் நீற்றின சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். 7 வந்தபின் ஒன்பது பங்கு சாணிக்கு ஒரு பங்கு இலை, பொடியாக நறுக்கி.

கோவாவிலும் லீக்ஸிலும் கந்தகம் அதிகம், அழுகின முட்டை நாத்தம் அதனால்தான். அடுப்பையும் அரிக்கும். துருப்பிடித்த இரும்பு நாரைக் குழாயில் அடைத்து வாயுவை அதன் வழியே விடுங்கள். நார் கறுத்தால் எடுத்துக் காற்றில் பரப்புங்கள், திரும்பச் சிவக்கும். அப்போது கை சுடும் அளவு சூடேறும், சருகுப் பக்கம் வைக்காதீர்கள்.

கேள்வி (ராகலை): தேயிலை கவ்வாத்துப் பண்ணின குச்சியைக் குழியில போடலாமா?

பதில்: வேண்டாம். மரக்குச்சி அங்கே மக்காது, மேலே ஆடையாய் மிதந்து அடைக்கும்.

கேள்வி (பொகவந்தலாவை): நெருப்பு குதிச்சுக் குதிச்சு எரியுது.

பதில்: குழாயில் தண்ணி தேங்கியிருக்கிறது. 100 அடிக்கு ஓரடி சரிவு கொடுத்து, தாழ்ந்த இடத்தில் ஒரு டீ (T) மூட்டும் டாப்பும் பூட்டி, வாரம் ஒருமுறை வடியுங்கள். எல்பி கேஸ் அடுப்பென்றால் வாயு வரும் ஜெட் துளையும் சின்னது, பெரிதாக்க வேண்டும்.

கேள்வி (பண்டாரவளை): அடைப்பெடுக்கக் குழிக்குள்ள இறங்கலாமா?

பதில்: கூடாது, காலியாகக் கிடந்தாலும் கூடாது. நீண்ட கம்பால் வெளியில் நின்றே குத்துங்கள். நாத்தமில்லை என்று நம்பாதீர்கள், அழுகின முட்டை நாத்தம் தரும் அந்தக் கந்தக வாயு விஷம், அது கூடினால் முதலில் மரத்துப்போவது மூக்குத்தான்.