பண்டோராவின் கடலும் நம் ஆற்றுத் தண்ணீரும்: கேள்வி பதில்

ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 2022 டிசம்பர் 16 அன்று வெளியான, பண்டோரா என்ற கற்பனை உலகில் நடக்கும் ‘அவதார்: த வே ஆஃப் வாட்டர்’ படத்தைப் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 2025 டிசம்பரில் மூன்றாம் பாகம் வந்ததையொட்டிப் பலர் இரண்டாம் பாகத்தை மறுபடியும் பார்த்திருக்கிறார்கள். அது நல்ல படமா இல்லையா என்ற பழைய சண்டையும் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு திரையரங்கின் புரொஜெக்டர் அறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மன்னார்குடி வாசகர்: கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பட்டினி என்று என் நண்பர்கள் அனைவரும் சொல்கிறார்கள். நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். முதல் பாகத்தில் செத்துப்போன குவாரிட்ச் என்ற படைத்தலைவனை, அவனுடைய நினைவுகளை, பண்டோராவின் பூர்வகுடிகளான நாவி இனத்தவரின் உடலில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தது எழுத்தில் செய்த சோம்பல் என்றே நினைக்கிறேன். நாயகன் ஜேக் சல்லியின் பிள்ளைகள் பிடிபடுவதும் மீட்கப்படுவதும் மறுபடி பிடிபடுவதுமாக நகரும் பகுதிகளில், கடைக்குட்டிப் பெண்ணே ‘மறுபடியும் கட்டிப்போட்டுவிட்டார்களே’ என்று அலுத்துக்கொள்கிறாள், பார்ப்பவர்களுக்கு அலுக்காதா?

ஆனால் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று உங்கள் நண்பர்கள் குறை சொல்லக்கூடிய அந்த நடு ஒரு மணி நேரம்தான் என்னைப் பொறுத்தவரை படமே. காட்டிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளுக்குக் கடலோரப் பிள்ளைகள் மூச்சடக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களுடைய மெல்லிய வாலையும் கையையும் பார்த்துக் கேலி செய்கிறார்கள். கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த அத்தை பிள்ளைகளைப் படித்துறையில் நிற்கவைத்து, இடுப்பளவுத் தண்ணீருக்கே அலறுகிறார்கள் என்று நாம் சிரித்த சிரிப்பு அதேதான். அந்தச் சிரிப்பையும், பிறகு அதே பிள்ளை முதன்முதலாக முழுகி எழுந்தபோது முகத்தில் தெரிந்த மாற்றத்தையும் வசனத்தால் சொல்ல முடியாது. தண்ணீரைச் சரியாகக் காட்டினால்தான் சொல்ல முடியும். ஆகவே காட்சி வேறு, கதை வேறு என்று இந்தப் படத்தில் கத்தரித்துப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கும்பகோணம் வாசகர்: சில காட்சிகள் வீடியோ கேம் போல வழவழவென்று ஓடின, அடுத்த நொடியே சாதாரணப் படம் போல ஆகிவிட்டன. திரையரங்கின் கோளாறா, என் கண்ணின் கோளாறா?

இரண்டும் இல்லை. வழக்கமான படம் நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடும். இந்தப் படத்தில், தண்ணீருக்கடியில் நடப்பவை, பறப்பவை போன்ற காட்சிகளுக்கு நொடிக்கு 48 ஃபிரேம்களைப் பயன்படுத்தினார்கள். முப்பரிமாணத்தில் வேகமான அசைவு வரும்போது 24 ஃபிரேமில் படம் விட்டுவிட்டுத் துடிப்பதுபோல் தெரியும், கண் வலிக்கும், அதைத் தவிர்ப்பதே நோக்கம். பேச்சுக் காட்சிகளில் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டிப் பழைய 24 ஃபிரேம் தோற்றத்தையே வைத்துக்கொண்டார்கள். நீங்கள் கண்டுபிடித்தது அந்த மாற்றத்தைத்தான்.

நீருக்கடியில் இது எனக்கு மிகவும் பிடித்தது. கரைக்கு வந்ததும் மாறுவது உறுத்தியது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் பம்பு நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல ஒரு தடுமாற்றம். முழுப் படத்தையும் ஒரே வேகத்தில் வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: நடிகர்கள் உண்மையிலேயே தண்ணீருக்குள் நடித்தார்களா, ஐயா? எல்லாம் கிராஃபிக்ஸ் என்கிறார்களே?

முகமும் உடலும் கணினியில் உருவானவை, அசைவு நடிகர்களுடையது. பெரிய தொட்டி ஒன்றைக் கட்டி, அலையும் நீரோட்டமும் உண்டாக்கி, அதற்குள் நடிகர்களை மூழ்கவைத்து அவர்களுடைய அசைவைப் பதிவு செய்தார்கள். கயிற்றில் தொங்கவிட்டு நீந்துவதுபோல் பாவனை செய்வது சரிப்படாது என்பதில் கேமரூன் உறுதியாக இருந்தார். அதற்காக அவர்கள் பட்ட பாடு சுவையானது. தொட்டியின் மேற்பரப்பில் விளக்கொளி சிதறி அசைவுப் பதிவைக் குழப்பியதால், நீர்ப்பரப்பு முழுவதையும் சிறிய மிதக்கும் பந்துகளால் மூடினார்கள். தலையைத் தூக்கினால் பந்துகள் விலகிவிடும். ஆக்சிஜன் உருளை கட்டிக்கொண்டால் வெளிவரும் குமிழிகள் கேமராக்களை ஏமாற்றும் என்பதால், எல்லோரும் மூச்சடக்கியே நடித்தார்கள். பயிற்சியின்போது கேட் வின்ஸ்லெட் 7 நிமிடங்களுக்கு மேல் மூச்சடக்கி இருந்தார். நீருக்கு மேலே ஒரு பதிவு, கீழே ஒரு பதிவு என்று தனித்தனியாக எடுத்து இரண்டையும் இணைத்தார்கள். 2023இல் சிறந்த விசுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் இந்த உழைப்புக்குத்தான் கிடைத்தது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தெளிந்த குளத்தில் மூழ்கி அண்ணாந்து பாருங்கள். தலைக்கு நேர் மேலே வானம் ஒரு வட்டமாகத் தெரியும், வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போலக் குளத்தின் அடியையே திருப்பிக் காட்டும். ஏறத்தாழ 49 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி தண்ணீரைவிட்டு வெளியேறாமல் உள்ளுக்கே திரும்பிவிடுவதால் அப்படி. இந்தப் படத்தில் நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் காட்சிகளில் அந்த வெள்ளிக் கூரையைக் கண்டபோது, சிறுவயதில் மதகடியில் முக்குளித்த ஞாபகம் வந்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திருவையாறு வாசகர்: எவ்வளவு பெரிய கலைஞர்களாக இருந்தாலும் தண்ணீர் இவ்வளவு தெளிவாகவா இருக்கும்? நம் ஆறு மேட்டூர் திறந்தால் நுங்கும் நுரையுமாகக் கலங்கித்தானே வருகிறது?

டெல்டாக்காரருக்கே தோன்றக்கூடிய கேள்வி. படம் காட்டுவது ஆறு விழும் கடலை அன்று, பவளப்பாறைக் கடலை. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு வெயில் வேண்டும். வண்டல் படிந்தால் பவளம் மூச்சுத் திணறிச் சாகும். அதனால்தான் காவிரி கலக்கும் பூம்புகார்ப் பக்கம் பவளத்தைத் தேடிப் பயனில்லை. தெற்கே பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும்தான் காணலாம். தெளிவு அங்கே இயல்பானது.

என் குறை வேறு. அந்தக் கடல்மக்களின் வீடுகள் கண்டல் மரங்களைப் போன்ற வேர்களுக்கு நடுவில் பின்னித் தொங்குகின்றன. ஆனால் கண்டல் காட்டுக்கு உயிரான சேறு எங்கேயும் கண்ணில் படுவதில்லை. முத்துப்பேட்டையில் படகில் போயிருப்பவர்களுக்குத் தெரியும்: அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றைக் குத்திக்கொண்டு விரல் விரலாக மேலே நிற்கும், இறங்கினால் முழங்கால்வரை வாங்கும், அந்த வாடை இரண்டு நாள் போகாது. திரையில் அத்தனையையும் சலவை செய்து வைத்திருக்கிறார்கள்.

திருவாரூர் வாசகர்: முதல் பாகம் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் ஜேக் மனிதனாகப் பிறந்தவன் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: நாங்கள் மீன்பிடிக் குடும்பம். டுல்குன் என்ற திமிங்கிலம் போன்ற உயிரை வேட்டையாடும் காட்சியில் என் தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். இவ்வளவு கொடூரம் தேவையா?

உங்கள் தம்பி சரியாகவே பார்த்திருக்கிறார். அந்த வேட்டை கற்பனை அன்று; மனிதர் திமிங்கிலங்களுக்குச் செய்ததன் நகல். குட்டியைவிட்டுத் தாய் விலகாது என்பதைத் தெரிந்துகொண்டு தாயைக் குறிவைப்பது பழைய வேட்டைக்காரர்களின் முறை. எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த பொருளில் மெழுகுவத்தி செய்தார்கள். வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்திவைக்க 1982இல்தான் பன்னாட்டு ஆணையம் முடிவெடுத்தது. 1986இல் அது நடைமுறைக்கு வந்தது. படத்தில் அந்த உயிரினத்தின் மூளையிலிருந்து மூப்பை நிறுத்தும் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு மற்ற உடல் முழுவதையும் வீசிவிடுகிறார்கள். அந்தத் திரவத்துக்கு ‘அம்ரிதா’ என்று பெயர். பாற்கடல் கடைந்த கதை தெரிந்த நமக்கு அந்தப் பெயர் கூடுதலாகச் சுடுகிறது. பிடித்ததில் ஒரு துண்டையும் வீணாக்காமல் கருவாடாவது போடும் உங்கள் குடும்பத்தார் அதைச் சகிக்காமல் எழுந்து போனது இயல்பு. நான் அந்தக் காட்சியைக் குறைத்திருக்க மாட்டேன்.

மயிலாடுதுறை வாசகி: 3 மணி 12 நிமிடம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், என் மாமியார் மட்டும் இறுதிக் காட்சியில் அழுதார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, வரைகலையும் தெரியாது. எதற்கு அழுதார் என்று கேட்டால் சொல்லவும் மறுக்கிறார்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடலாம். மூத்த மகன் இறந்ததும், அவன் உடலைப் படகில் கொண்டுபோய்க் கடலுக்குள் இறக்குகிறார்கள். ஒளிரும் கொடிகள் மெல்ல அதை வாங்கிக்கொள்கின்றன. தகப்பன் கையை விடுவித்துக்கொள்ளும் அந்த இடத்தில் பேச்சே தேவைப்படவில்லை. உங்கள் மாமியார் பூம்புகாரில் யாருக்காவது அஸ்தி கரைத்துவிட்டுத் திரும்பியிருக்கக்கூடும். அவரிடம் மறுபடியும் கேட்காதீர்கள்.

பிள்ளைகள் தூங்கியதற்குப் படத்தின் நீளம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. முப்பரிமாணக் கண்ணாடி திரையின் வெளிச்சத்தில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும். அதற்கு ஈடுகட்ட விளக்கைக் கூட்டி ஓட்ட வேண்டும். மின்கட்டணத்துக்கும் விளக்கின் ஆயுளுக்கும் பயந்து குறைத்து ஓட்டும் அரங்குகளை நான் உள்ளிருந்தே அறிவேன். அந்தி நேரத்தில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பட்டுப்புடவை பார்ப்பதுபோலத்தான் அது. ‘படம் மங்கல், சலிப்பு’ என்று திட்டியவர்களில் பலர் திட்ட வேண்டியது இயக்குநரை அல்ல. மூன்றாம் பாகத்துக்குப் போகும்போது, முன்பதிவு செய்யுமுன் அந்த அரங்கில் முப்பரிமாணப் படம் வெளிச்சமாக இருக்கிறதா என்று போய் வந்தவர்களிடம் விசாரியுங்கள்; நடு வரிசையில் உட்காருங்கள்; கொடுக்கும் கண்ணாடியைப் புடவைத் தலைப்பாலாவது ஒரு முறை துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.