சைல்டு ஸ்டூடண்ட் விசா நிராகரிப்பு: 28 நாள் பேலன்ஸ்

பிரிட்டன் பள்ளியில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கான சைல்டு ஸ்டூடண்ட் விசாவுக்கு, வங்கிக் கணக்கில் கடைசி நாளில் முழுத் தொகை இருந்தது என்பது போதாதுங்க. தொடர்ந்து 28 நாளும் இருக்கணும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புதான். உங்கள் 15 வயது மகனுக்கு பிரிட்டன் போர்டிங் பள்ளியில் இடம் கிடைத்தும் "பணம் போதவில்லை" என்று விசா திரும்பியதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒவ்வொரு நாளின் முடிவு பேலன்ஸையும் விரல் வைத்துப் பாருங்கள். வீட்டுக்கடன் தவணை பிடித்த நாள், மறுநாளே திரும்பப் போட்டிருந்தாலும், 28 நாள் கணக்கைக் கெடுத்துவிடும். தேவையான தொகை: ஓராண்டுப் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும். பள்ளிக்கு ஏற்கெனவே கட்டியது சிஏஎஸ்-இல் (பள்ளி தரும் சேர்க்கை உறுதிச் சான்று) பதிவாகியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

ரூபாயை பவுண்டாக மாற்றுவது விண்ணப்பிக்கும் நாளின் மதிப்பில். அதனால் பத்து சதவீதமாவது கூடுதலாக வையுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மறுபடி விண்ணப்பிக்கும்போது:

1. பழைய சிஏஎஸ் செல்லாது, பள்ளியிடம் புதிது கேளுங்கள்.
2. ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதி விண்ணப்பத்துக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்கணும்.
3. கணக்கு உங்கள் பெயரில் என்றால் மகனின் பிறப்புச் சான்றிதழும், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் சேருங்கள்.

ஆனால் முதலில் நிராகரிப்புக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். வேறு காரணமும் அதில் இருந்தால் பேலன்ஸை மட்டும் சரிசெய்து பயனில்லை.